செய்தி வந்தால் எந்த அடுக்கு இறங்கும்?

சிங்கப்பூரில் பழைய புத்தகம் விற்பவர் காலையில் தமிழ் முரசு நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேட வேண்டியது கல்வி அமைச்சின் அறிவிப்பைத்தான். தேர்தல், போர், தங்க விலை எல்லாம் அப்புறம். மேசையில் கிடக்கும் சரக்கில் சட்டென்று விற்பதும் பள்ளிப் பயிற்சிப் புத்தகம், சட்டென்று செத்துப்போவதும் அதுதான்.

2019ல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வு நின்றது. 2023க்குள் மற்ற வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வு போய்விட்டது. ‘எஸ்ஏ1’ (அரையாண்டுத் தேர்வு) என்று அட்டையில் போட்ட தேர்வுத்தாள் கட்டுகளை அதற்குப்பின் யாரும் கையில்கூட எடுப்பதில்லை. அடுத்த அடி 2026ல். தொடக்கநிலை ஆறாம் வகுப்புக் கணிதத்திலிருந்து ‘வேகம்’ என்ற பாடம் உயர்நிலைக்குப் போகிறது. அட்டை புத்தம் புதிதாக இருக்கிறதே என்று பழைய கணிதப் புத்தகத்தை நல்ல விலைக்கு வாங்கி வைத்தால் கையைச் சுடும். பொருளடக்கத்தைப் பாருங்கள், அந்தப் பாடம் இருந்தால் பழைய பாடத்திட்டம்.

பெரிய குழப்பம், உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ‘ஓ லெவல்’ தேர்வின் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்புகளில். 2027 முதல் ‘ஓ லெவல்’, ‘என் லெவல்’ என்ற தேர்வுப் பெயர்களே இல்லை, எல்லாருக்கும் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்று செய்தி வந்ததும் பெற்றோர் பலர் பழைய தொகுப்புகளைக் வீடு வீடாகப் பழைய பொருள் வாங்கும் காராங்கூனிக்காரரிடம் எடைக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். அவசரம் வேண்டாம். ஜி3 என்று சொல்லப்படும் நிலை ஏறத்தாழ பழைய ஓ லெவல் தரம்தான். ஜி2 ‘என் லெவல்’ எழுதும் பழைய வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவு, ஜி1 வழக்கநிலைத் தொழில்நுட்பம். கணக்குப் பயிற்சிக்கு அந்தத் தொகுப்பு இன்னும் சில ஆண்டுகள் உதவும். விலையைப் பாதியாக்கி, ‘ஜி3க்கு ஆகும்’ என்று ஒரு துண்டுச்சீட்டைச் செருகி வையுங்கள்.

பயிற்சிப் புத்தகம் வாங்கும்போது நடுப்பக்கத்தைத் திறந்து விடைப்பகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது. பிள்ளை பார்த்து எழுதிவிடும் என்று அம்மாமார் அதைக் கிழித்துப் பத்திரமாக எங்கோ வைப்பார்கள், அந்த ‘எங்கோ’ பிறகு அவர்களுக்கே நினைவில் இருக்காது. விடை இல்லாத புத்தகத்துக்கு ஒரு வெள்ளிக்கு மேல் கிடைக்காது. பென்சிலில் எழுதியிருந்தால் அழித்துவிடலாம். பேனா என்றால் முதல் இருபது பக்கம் புரட்டுங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் அதற்குமேல் போயிருக்க மாட்டார்கள்.

விலையை முதல் பக்கத்தின் மேல்மூலையில் 2பி பென்சிலால் எழுதுவதே நல்லது. நம் வெயிலில் ஒட்டுத்தாளின் பசை உருகி அட்டையில் ஊறிவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் முடி உலர்த்தியை அரை நிமிடம் காட்டி மெதுவாக உரிக்கலாம்.

வானிலைச் செய்தியில் ‘சுமத்ரா’ என்ற சொல் வந்தால் அன்று காலை மேசை விரிப்பதைத் தள்ளிப்போடலாம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்போ காலையிலோ வரும் இந்தப் புயல்மழையில் காற்று முந்திக்கொள்ளும், மழை பின்னால் வரும். தார்ப்பாயை மேலே போட்டால் போதாது, நான்கு பக்கமும் ஒரு முழம் தொங்கவிட்டு முனைகளில் செங்கல்லோ தண்ணீர்ப் புட்டியோ கட்ட வேண்டும். பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். மரப்பலகையில் நான்கு அங்குலம் உயர்த்தி வைத்தால்தான் நடைபாதையில் ஓடும் தண்ணீர் அடியில் போகும்.

நனைந்த புத்தகத்தை உடனே பிரிக்காதீர்கள், தாள் கிழியும். செங்குத்தாக, பக்கங்கள் லேசாக விரிந்தபடி நிறுத்தி மின்விசிறிக் காற்றில் விடுங்கள். இடையே வைக்கச் சமையலறைத் தாள் நல்லது. செய்தித்தாளை வைத்தால் அதன் மை ஈரத்தில் புத்தகத்துக்கு ஏறிவிடும். வழவழப்பான வண்ணத்தாள் சில மணி நேரத்தில் ஒட்டிக் கல்லாகிவிடும், அதை முதலில் கவனியுங்கள்.

மழையைவிட மெதுவாகக் கொல்வது புழுக்கம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், சிங்கப்பூரின் சராசரியோ 80க்கு மேல். பலர் செய்யும் தவறு, புத்தகத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றுவது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே பூக்கும். முதலில் இரண்டு நாள் காற்றாட வைத்து, பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடுங்கள். பூச்சி அரித்த புத்தகமென்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைப் பிரிக்காமல் விடுங்கள்.

தமிழ்ப் புத்தகத்தின் கணக்கு வேறு. தீபாவளிக்கு முந்திய துப்புரவிலும், பெரியவர்கள் சிறிய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு மாறும்போதும் மூட்டையாக வரும். சாணித்தாளில் அச்சான மாத நாவல்கள் மடித்தாலே ஒடியும், அவற்றைக் கட்டாகக் கட்டி ஒரே விலை வைத்துவிடலாம். வாங்குபவர்களில் பலர் ஞாயிறன்று லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் வரும், விடுதிகளில் தங்கும் வெளிநாட்டு ஊழியர்கள். சட்டைப்பை அளவுப் புத்தகம், ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் நூல், அகராதி இவை போகும். தடித்த நூலை யாரும் விடுதி அலமாரிக்குச் சுமந்து போக மாட்டார்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் அடிப்படைச் சம்பளம் தரவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். ஆகவே மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளுக்கு நல்ல சரக்கை ஒதுக்கி வையுங்கள்.

2024 ஜனவரியில் பொருள் சேவை வரி 9 விழுக்காடானதும் ‘நீங்களும் ஏற்றிவிட்டீர்களா’ என்று கேட்காத ஆள் இல்லை. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பழைய புத்தக மேசைக்கு அந்தக் கவலை கனவில்கூட வராது. ஆனால் பை, தார்ப்பாய், வாடகை வண்டி எல்லாவற்றிலும் வரி ஏறும். இரண்டு வெள்ளிப் புத்தகத்தை 2 வெள்ளி 20 காசாக்கினால் சில்லறை தேடியே நேரம் போகும். ‘மூன்று எடுத்தால் ஐந்து வெள்ளி’ என்பதை ‘மூன்று ஆறு’ ஆக்குவது எளிது.

இடம்தான் தீராத சிக்கல். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டபின், துணி விரித்து உட்கார்ந்து விற்கும் பழக்கத்துக்கு இங்கே வீடில்லை. அனுமதி பெற்ற சந்தை மேசையோ கடைமுகப்போ வேண்டும். ஐந்தடி நடைபாதையில் சக்கர நாற்காலி போக வழியில்லாமல் பெட்டி வைத்தால் புகார் வருவது நியாயம்தான்.

கைப்பேசியில் பணம் வாங்கும் பேநவ் கியூஆர் குறியீட்டைத் தடித்த அட்டையில் ஒட்டி மேசைக்கு உள்பக்கமாக வையுங்கள். வாடிக்கையாளர் காட்டும் கைப்பேசித் திரையை நம்பாமல் உங்கள் வங்கிச் செயலியில் பணம் ஏறியதா என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். காலையில் மேசை விரிக்கும்போது அட்டையை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள், மேலே வேறு யாராவது தங்கள் குறியீட்டை ஒட்டியிருக்கலாம்.