ஜீப்பின் முன் சக்கரப் பேரிங்கை எவ்வளவு இறுக்குவது?

குறுவை நடவு முடிந்த கையோடு எங்கள் பழைய மகிந்திரா ஜீப்பின் இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றிப் பேரிங் பார்ப்பது, மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றங்கரையில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கும் வேலை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்காலில் இறங்காமல் எங்கள் வயலுக்கு வண்டி போக வழியில்லை. ஓடிச் சூடேறிய ஹப் (பேரிங் உட்காரும் சக்கரக் குடம்) குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் (கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அதனால் இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் மாற்றினால் போதும் என்ற கணக்கு டெல்டாவில் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. திறந்து பார்க்கும்போது கிரீஸ் மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் நேரமில்லாமல் இந்த வேலையை ஒரு பட்டறையில் விட்டேன். சக்கரத்தில் துளி ஆட்டமும் இருக்கக்கூடாது என்று நினைத்து நட்டை முழு பலத்தோடு இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். தஞ்சாவூர் போய்த் திரும்பும் வழியில் வடுவூர் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் இடப்பக்க ஹப்பில் கை வைக்க முடியவில்லை. மறுநாள் பிரித்தபோது ரோலர்கள் நீலம் பாய்ந்திருந்தன. உருகிய கிரீஸ் பிரேக் டிரம்மிற்குள் வழிந்து லைனிங்கையும் கெடுத்திருந்தது.

இந்த வண்டியில் இருப்பவை கூம்பு வடிவ ரோலர் பேரிங்குகள். அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற வகை இது. வண்டியின் பாரத்தையும் திருப்பத்தில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஒன்றாகத் தாங்குவது இதன் சிறப்பு. ஆனால் நட்டை இறுக்க இறுக்க ரோலர்கள், அவை உருளும் வெளி வளையமான கப்பினுள் ஆப்புபோல் இறங்கிக்கொண்டே போகும். சூட்டில் விரிய இடம் இருக்காது. தளர்த்தியாக விட்டாலும் கேடுதான்: ஸ்டியரிங் உதறும், டயர் திட்டுத் திட்டாகத் தேயும், ஆயில் சீலும் சீக்கிரம் போகும்.

பிரிப்பதற்கு முன் ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், உடனே பேரிங் என்று முடிவு கட்டாமல், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். மிதித்த பிறகும் தொடர்ந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல பேரிங்கை மாற்றியவர்கள் பலர்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, நிழலில் உலரவிட்ட பிறகு, உள்ளங்கையில் புதிய கிரீஸை வைத்துப் பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் புழுப்போல் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும். மேலே பூசினால் மட்டும் போதாது. (வண்டி மாடு இருந்த காலத்தில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, இதே பொறுமையோடுதான் அச்சுக்கு மை போட்டார்கள்.) கப்பில் சொறி விழுந்திருந்தால் ரோலரோடு சேர்த்து ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஆயில் சீலைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

இனிதான் முக்கியமான இடம். பிரேக் ஷூ டிரம்மில் உரசினால் கை ஏமாந்துவிடும் என்பதால் அதை முதலில் தளர்த்திக்கொள்ளுங்கள். பேரிங்கைப் பிடித்திருப்பவை உள்ளும் வெளியுமாக இரண்டு நட்டுகள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கினால் ரோலர்கள் தத்தம் இடத்தில் அமரும்; சுற்றாமல் இறுக்கினால் அமராது. சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஆறில் ஒரு சுற்று பின்னுக்குத் திருப்ப வேண்டும். நட்டுக்கு ஆறு முகம்; ஆகவே ஒரு முகம் நகர்ந்தால் கணக்குச் சரி. பிறகு நட்டு கழலாமல் பிடித்துக்கொள்ளும் லாக் வாஷரைப் போட்டு வெளி நட்டை நன்றாக இறுக்கி, மீண்டும் சுற்றிப் பாருங்கள். வெளி நட்டு இறுகும்போது மரையில் இருக்கும் இடைவெளி அடைபட்டு உள்ளே சற்றுக் கூடுதலாக இறுகிவிடுவதுண்டு. அப்படி ஆனால் திரும்பவும் கழற்றி உள் நட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எல்லாம் சரியான பிறகே வாஷரின் விளிம்பை நட்டின் மேல் மடிக்க வேண்டும். ஏற்கெனவே மடித்து நிமிர்த்திய இடத்தில் மடித்தால் விண்டுவிடும். இதற்கென்று இருக்கும் பெரிய பாக்ஸ் ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டுபவருக்கு ஒரு முகம் என்ற அளவே கையில் நிற்காது.

பிரேக் ஷூவைப் பழையபடி சரிசெய்துவிட்டு, நீடாமங்கலம் வரை ஓட்டிப் போய் நிறுத்தி, இரண்டு ஹப்பிலும் கை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு இருபுறமும் ஒன்றுபோல் இருந்தால் வீடு திரும்புவேன். ஒரு பக்கம் கூடுதலாகச் சுட்டால் அன்று மாலையே ஜாக்கியை எடுத்துவிடுவேன்.