காற்று எந்தப் பக்கம்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

இரவெல்லாம் புகை. தீ குப்பைமேட்டின் அடிவயிற்றில் இருக்கிறது; மேலே தண்ணீர் பீய்ச்சி என்ன பயன்? உள்ளே காற்றுப் புகாமல் அழுகும் குப்பை, தீப்பற்றும் வாயுவான மீத்தேனைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் அம்மாவுக்குப் புழுக்கத்தில் மூச்சு முட்டுகிறது, திறந்தால் இருமல்.

பிளாஸ்டிக் மாசைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் நடத்தும் உடன்படிக்கைப் பேச்சு ஜெனீவாவில் இன்று தொடங்கியிருக்கிறது. அதை ஏன் இவ்வளவு ஆவலாகப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

6, புதன்

காற்று மாறவில்லை.

7, வியாழன்

அண்ணன் பேசினான். "அம்மாவைக் கொஞ்ச நாள் இங்கே கொண்டுவந்து விடு, இந்தப் பக்கம் புகையே கிடையாது." கிடையாதுதான். அவன் வீட்டுக் குப்பை மட்டும் தினமும் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது.

அவன் நல்லவன். மருந்துச் செலவு முழுக்க அவனுடையது. அதனால்தான் சொல்லவும் முடியவில்லை.

உலக வங்கியின் 2018 அறிக்கையை எடுத்து வைத்திருக்கிறேன். பணக்கார நாடுகளில் இருப்பவர்கள் உலக மக்களில் 16 சதவீதம். உலகக் குப்பையில் அவர்கள் பங்கு 34 சதவீதம். மிக ஏழ்மையான நாடுகளிலோ 93 சதவீதக் குப்பை கண்ட இடத்தில் கொட்டப்படுகிறது, அல்லது கொளுத்தப்படுகிறது. அம்மா ஒரு பையை வாரக்கணக்கில் கழுவிக் கழுவி வைத்துக்கொள்பவள்.

9, சனி

தூக்கம் இல்லை. அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதற்குப் பதிலாகச் சரிந்த மேடுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

மணிலாவின் பயாடஸ், ஜூலை 2000: தொடர்மழைக்குப் பிறகு மலை இறங்கியது, இருநூறு பேருக்கு மேல் போனார்கள். அடிஸ் அபாபாவின் கோஷே, மார்ச் 2017: நூறு பேருக்கு மேல். அடுத்த மாதமே கொழும்பின் மீதொட்டமுல்ல. புத்தாண்டு நாளில், முப்பது பேருக்கு மேல். நீர் உறிஞ்சிக் கனத்த குப்பை, செங்குத்தாக ஏற்றிய சரிவு, அடிவாரத்தில் வீடுகள். எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம். மீதொட்டமுல்லவில் மக்கள் பல ஆண்டுகளாகக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கே போய் யார் குடியிருக்கச் சொன்னது?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை ஒரு வாரம் வாடகைக்கு வீடு தேட விடவேண்டும், குப்பை பொறுக்குகிறவரின் வருமானத்தில். பயாடஸில் பலருக்கு அந்த மேடுதான் பிழைப்பு. மீதொட்டமுல்லவில் வீடுகள் இருக்க, பக்கத்தில் மேடு வளர்ந்தது. இரண்டையும் ஒரே வாயால் ‘விபத்து’ என்கிறார்கள்.

மூன்று மணி. மறுபடியும் இருமல்.

10, ஞாயிறு

நெபுலைசர் இனி மூன்று வேளை. "இடம் மாற்றிப் பார்க்கலாமே?" என்று டாக்டரும் கேட்டார். எல்லோரிடமும் இடம் இருக்கிறது.

11, திங்கள்

மறுசுழற்சிக்கான பிளாஸ்டிக் என்று சொல்லி கனடாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போன கன்டெய்னர்களில் வீட்டுக் குப்பையும் குழந்தைகளின் டயப்பரும் இருந்தன. வழக்கு, கடிதம், மிரட்டல் எல்லாம் முடிந்து, 2019இல் 69 கன்டெய்னர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவைச் சாத்தியிருந்தது. உடனே அந்தக் குப்பை மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று வேறு கதவுகளைத் தட்டியது.

அண்ணன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பக் கப்பல் ஏதும் இல்லையா என்று அம்மாவிடம் கேட்டேன். சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

13, புதன்

ஜெனீவாப் பேச்சின் தலைவர் வெளியிட்ட உடன்படிக்கை வரைவில் பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பே இல்லை. பல நாடுகள் அங்கேயே நிராகரித்துவிட்டன. எண்ணெய் நாடுகளின் வாதம் பழையதுதான்: உற்பத்தியில் கை வைக்காதீர்கள், குப்பையைச் சரியாக நிர்வகியுங்கள்.

யார் பணத்தில்? ஏழை நாட்டு நகராட்சிகளின் பட்ஜெட்டில் சராசரியாக 20 சதவீதம் இப்போதே குப்பைக்குப் போகிறது. அவ்வளவும் கொடுத்த பிறகுதான் அந்த 93 சதவீதம். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு துடைப்பத்தை நம் கையில் கொடுக்கிறார்கள்.

எழுதும்போதே கை நடுங்குகிறது. காபி அதிகம்.

14, வியாழன்

காற்று திரும்பிவிட்டது. அம்மா காலைவரை தூங்கினாள். மேட்டுக்கு அந்தப் பக்கமும் குடிசைகள் இருக்கின்றன. அங்கேயும் யாராவது ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று நின்றிருப்பார்கள்; ஜன்னல் இருந்தால்.

15, வெள்ளி

ஜெனீவாப் பேச்சு முடிந்துவிட்டது, ஒன்றும் முடியாமல். விடிய விடியப் பேசியும் உடன்பாடு இல்லை. போன ஆண்டு தென்கொரியாவின் புசானில் நடந்ததேதான். எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் நிறைவேறும் என்று வைத்துக்கொண்டால், விரும்பாத ஒருவரே போதும்.

அம்மா அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று தானாகவே சொன்னாள். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

16, சனி

பத்து மணிக்குக் கார். மருந்துச் சீட்டு, நெபுலைசர், இரண்டு மாஸ்க், சுவெட்டர். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்கவேண்டும்.