ஆறு மாதத்துக்கு மேல் பழையவை

2023 டிசம்பரில் எங்கள் சர்வரின் டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிவிட்டது. மொரீஷியஸில், எபேன் சைபர் சிட்டியில் ஒரு சிறிய கணக்கு நிறுவனம் அது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான் ஆள். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகப் போனவன். வாடிக்கையாளர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவரும் பில், ரசீது, வங்கி அறிக்கை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு அடுக்குவதுதான் அங்கே பாதி வேலை.

அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. கத்ர் போர்னில் வீடு. ஐந்தாவது தலைமுறை மொரீஷியஸ் தமிழர். வீட்டில் பேசுவது கிரியோல். தமிழை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்துக் கற்றுக்கொண்டார். என்னோடு மட்டும் விடாமல் தமிழில் பேசுவார். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைப்பார். எனக்கு அங்கே சொந்தம் என்று யாரும் இல்லாத காலத்தில் ‘தம்பி’ என்று கூப்பிட்டவர் அவர்தான்.

டிஸ்க்கைக் காலிசெய்ய முதலில் ஸ்கேனர் எழுதிப் போடும் தற்காலிக இடத்தில் கை வைத்தேன். ஸ்கேனர் தினமும் அந்தத் தேதியைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரில் மூலப் படங்களைப் போடும். அவற்றைச் சரிபார்த்துப் பிடிஎஃப் ஆக்கி வாடிக்கையாளர் ஃபோல்டருக்கு அனுப்பிய பிறகு அவை குப்பைதான் என்பது என் எண்ணம். முப்பது நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு கோப்பு, எழுதினேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரானில், தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு ஓடும்படி அதை வைத்தேன். உள்ளே இருந்தது ஒரே வரி. ஃபைண்ட் கட்டளை, கடைசியாக மாறி இத்தனை நாள் ஆன ஃபோல்டர்களைக் கண்டுபிடிக்கும்; ஆர்எம் அவற்றை அழிக்கும். மூன்று வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. டிஸ்க் 88 சதவீதத்துக்கு இறங்கியது. மேலாளருக்கு ரொம்பத் திருப்தி. ‘வாடிக்கையாளர் பக்கத்திலும் இதையே போடு, ஆறு மாதமாக யாரும் தொடாதது நமக்கு எதற்கு’ என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. முப்பதை 180 ஆக்கினேன், எங்கே தேட வேண்டும் என்ற பாதையை மாற்றினேன். ஜனவரி 23, செவ்வாய் இரவு.

அந்த ஜனவரியை மொரீஷியஸில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 15ஆம் தேதிதான் பெலால் புயல் வந்து போர்ட் லூயியை வெள்ளத்தில் ஆழ்த்தியிருந்தது. தெருவில் நின்ற கார்கள் பொம்மைபோல் மிதந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கடை அங்கேதான். அவருடைய கணக்குக் காகிதங்கள் முழுவதும் நனைந்துவிட்டன. பிரிக்க வந்ததைப் பிரித்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, 22, 23 தேதிகளில் அக்கா ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்தார். பூஞ்சை பிடித்த அசல்களை வைத்திருக்க வழியில்லை. கடைக்காரர் சம்மதத்தோடு செவ்வாய் மாலையே அவை வெளியே போய்விட்டன.

புதன் காலை 23 வாடிக்கையாளர்களின் ஃபோல்டர்களைக் காணவில்லை. போர்ட் லூயி கடைக்காரருடையதும் அதில் ஒன்று. முந்தின நாள் மாலைவரை கோப்பு ஏறிக்கொண்டிருந்த ஃபோல்டர் எப்படி ஆறு மாதப் பழசு ஆகும்?

இதை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஒரு ஃபோல்டருக்கு மாறிய நேரம் என்று ஒன்று உண்டு, எம்டைம் என்பார்கள். அந்த ஃபோல்டருக்கு நேர் கீழே ஒரு பெயர் சேர்ந்தாலோ, நீங்கினாலோ, மாறினாலோதான் அது புதுப்பிக்கப்படும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால் பல சமயம் மாறாது. உள் ஃபோல்டருக்குள் ஆயிரம் கோப்பு போட்டாலும் மாறாது. அந்த உள் ஃபோல்டரின் நேரம் மட்டும் மாறும். எங்கள் அமைப்பில் வாடிக்கையாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆண்டுக்கு ஒன்று. பல வாடிக்கையாளர்களின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. ஜூலை முதல் வாரம் புது ஆண்டின் உள் ஃபோல்டரை உருவாக்கியதுதான் மேல் ஃபோல்டர் கண்ட கடைசி மாற்றம். ஜூலையிலிருந்து ஜனவரி 24 வரை எண்ணினால் இருநூறு நாள். ஸ்கிரிப்ட்டின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கதவில் தொங்கும் பெயர்ப்பலகையில் தூசி படிந்திருப்பதைப் பார்த்து, உள்ளே குடித்தனம் இல்லை என்று முடிவு கட்டச் சொன்னவன் நான். விண்டோஸிலும் கதை ஏறக்குறைய இதேதான். அங்கே ஸ்கிரிப்ட் எழுதும் பவர்ஷெல்லில் எழுதியிருந்தாலும் இதில் விழுந்திருப்பேன்.

ஆர்எம் அழித்ததற்குக் குப்பைத்தொட்டி கிடையாது. வாராந்தர பேக்கப் ஞாயிறு இரவு எடுக்கப்படும். அதிலிருந்து 23 ஃபோல்டர்களையும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையைக் கொண்டு மதியத்துக்குள் திரும்ப எடுத்து வைத்தேன். திங்கள், செவ்வாய் செய்த வேலை அதில் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அக்காவின் மேசைக்குப் போனேன். மறுநாள் தைப்பூசக் காவடி, அங்கே அரசு விடுமுறை. பத்து நாள் விரதத்தில் இருந்தார், முகம் வாடியிருந்தது. ‘கோவிலுக்குப் போய்விட்டு வருகிறேன் தம்பி. வெள்ளிக்கிழமை பார்ப்போம்’ என்றார். அவ்வளவுதான்.

க்ரானை நான் நிறுத்தவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், யோசித்துத்தான் விட்டேன். மீட்டு வைத்த ஃபோல்டர்கள் இன்றைக்கு உருவானவை, இன்னும் ஆறு மாதத்துக்கு ஸ்கிரிப்ட் அவற்றைத் தொடாது, அதற்குள் சரியாக எழுதிவிடலாம் என்று நம்பினேன். ஆனால் ஆர்சிங்க்கை ஆர்க்கைவ் முறையில் ஓட்டினால் கோப்புகளோடு அவற்றின் பழைய நேரத்தையும் அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடும். பேக்கப்புக்கு அதுதான் நல்லது. என் ஸ்கிரிப்ட்டுக்கு அதுதான் தீனி. கோர் தெ கார்த் மலைக் கோவிலின் படிகளில் ஊரே காவடியோடு ஏறத் தயாராகிக்கொண்டிருந்த அதிகாலையில், எபேனில் அதே 23 ஃபோல்டர்கள் இரண்டாம் முறை அழிந்தன.

வெள்ளிக்கிழமை முதல் வேலையாக க்ரானை நிறுத்தினேன். பிறகு மறுபடி பேக்கப்பை எடுத்து வைத்தேன். அக்கா நெற்றியில் திருநீறோடு வந்து பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். திங்கள், செவ்வாய் ஸ்கேன்களை எங்கே தேடுவது என்று நான் திணறியபோது அவர்தான் கேட்டார்: ‘ஸ்கேனர் போடும் அந்தக் குப்பை இடம் இருக்கிறதே, அது இருக்கிறதா தம்பி?’

இருந்தது. அது முப்பது நாள் இடம். 22, 23 தேதி ஃபோல்டர்கள் இரண்டும் முழுதாக இருந்தன. நான் குப்பை என்று முதலில் கை வைத்த இடம். கடைக்காரருடைய காகிதங்கள் உலகத்தில் மிச்சமிருந்தது அங்கே மட்டும்தான். அறுநூற்றுச் சொச்சம் படங்கள், பெயரில்லை, வரிசை எண் மட்டும். கறை படிந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எது எந்த மாதத்து பில் என்று பிரிக்க வேண்டும். சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். மதியம் அவர் வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டிய சோறும் கறியும் வந்தன.

படங்களைப் பிரித்துக்கொண்டே அவர் ஒரு விஷயம் சொன்னார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். எந்த வருடம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போர்ட் லூயியில் இன்று ஆப்ரவாசி காட் என்று உலக மரபுச் சின்னமாக இருக்கும் அந்தத் துறைமுகக் கட்டடத்தில் இறங்கிய ஒவ்வொருவரையும் ஓர் எண் கொடுத்துப் பேரேட்டில் பதிந்தார்கள். அந்தப் பேரேடுகள் இப்போது மோக்காவில், அவர் தமிழ் படித்த அதே நிறுவனத்தில் இருக்கின்றன. பல நாள் அலைந்து தேடியிருக்கிறார். கேட்டு எழுதியவர் காதில் விழுந்தபடி பெயர் திரிந்திருந்தது. அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்துத்தான் கண்டுபிடித்தார். ‘நான் போய்ப் பார்க்கும்வரை அந்தப் பக்கத்தை நூறு வருடம் ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள்’ என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அடுத்த படத்தைத் திறந்து, ‘இது மார்ச் மாதம்’ என்றார்.

அதற்காக எதையும் அழிக்கவே கூடாது என்று நான் நினைக்கவில்லை, அக்காவும் நினைக்கவில்லை. மொரீஷியஸில் நிறுவனங்கள் கணக்கு ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வாங்கிய நோக்கம் முடிந்த தனிமனிதத் தகவலை அழித்தாக வேண்டும் என்கிறது. ஒரு மனிதருடைய சம்பளச் சீட்டும் அடையாள அட்டை நகலும் தேவை முடிந்த பிறகும் என் டிஸ்க்கில் கிடப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அழிக்கத்தான் வேண்டும். ஏழு ஆண்டுக்குக் கீழே இருப்பதை ஆறு மாதத்தில் அழிக்கச் சொன்னபோதே நானோ மேலாளரோ அக்காவைக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. ஃபோல்டரை யார் பயன்படுத்துகிறார்களோ அவரைக் கேட்காமல், டிஸ்க்கைப் பார்த்துக்கொள்பவன் முடிவெடுத்ததுதான் மூலப் பிழை. எம்டைம் அதற்கு அப்புறம்தான்.

புது ஸ்கிரிப்ட்டை எழுத மூன்று வாரம் ஆயிற்று. அது ஃபோல்டரின் மாறிய நேரத்தைப் பார்ப்பதே இல்லை. ஆண்டு ஃபோல்டரின் பெயரிலேயே ஆண்டு இருக்கிறது, வயதை அதிலிருந்து எடுக்கிறது. அதோடு, உள்ளே எந்த ஆழத்திலாவது சமீபத்தில் மாறிய கோப்பு ஒன்று இருந்தாலும் தள்ளி நிற்கிறது. எந்த இடத்தில் அழிப்பது என்ற பாதையை ஸ்கிரிப்ட்டில் ஒரு மாறி (வேரியபிள்) வைத்திருக்கும்; அது காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். காலி மாறியோடு ஆர்எம் ஓடினால் டிஸ்க்கின் அடிவேரிலிருந்தே அழிக்கத் தொடங்கிவிடலாம் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பயம். ஒரே இரவில் பத்துக்கு மேல் சிக்கினால் எதையும் தொடாமல் எனக்கு மெயில் அனுப்பும். அன்றைக்கே இது இருந்திருந்தால் 23 என்ற எண்ணிலேயே நின்றிருக்கும். பேக்கப்புகளை அழிக்கும் இடத்தில் நாள் கணக்கோடு இன்னொரு நிபந்தனையும் சேர்த்தேன்: எத்தனை பழசானாலும் கடைசி நான்கு பிரதிகளைத் தொடாதே. பேக்கப் எடுப்பது சத்தமில்லாமல் நின்றுபோய், அழிப்பது மட்டும் ஒழுங்காக நடந்தால் ஒரு மாதத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

முதல் படியில் அழிப்பதே கிடையாது. அதே டிஸ்க்கில் வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறது. பெயரை மாற்றுவது மாதிரிதான், நொடியில் முடியும். அங்கே முப்பது நாள் இருக்கும். அந்த முப்பது நாளில் டிஸ்க் ஒரு பைட்டும் காலியாகாது. மேலாளருக்கு அது முதலில் பிடிக்கவில்லை. கடைக்காரருடைய கதையைச் சொன்னேன், சரி என்றார்.

நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டியல் அக்காவுக்குப் போகும். அச்சடித்து, பேனாவால் குறித்துத்தான் திருப்பித் தருவார். நேற்று வந்ததில் பதினொரு பெயர்கள். பத்துக்கு நேராகச் சரி போட்டிருந்தார். ஒன்றுக்கு நேராக, வகுப்பில் பழகிய உருண்டை எழுத்தில் இப்படி இருந்தது: ‘இவர் போன மாதம் இறந்துவிட்டார். மகள் ரியூனியன் தீவிலிருந்து வருகிறாள். ஜூன் வரை வைத்திருங்கள் தம்பி.’

விலக்குப் பட்டியலில் பெயரைச் சேர்த்து, பக்கத்தில் ஜூன் 30 என்று போட்டுவைத்தேன்.