நூறு முறை போய் வந்த மேசை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் எங்கள் பட்டறைக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் செம்பனை ஆலைகளுடையதுதான். தண்டுகளுக்குக் கீவே என்னும் சாவிக்காடி வெட்டுவது, தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் புதுசு கடைவது, ஃபிளாஞ்சில் (இணைப்புத் தகட்டில்) காடி போடுவது. மூலையில், கணினி சொன்னபடி தானே வெட்டும் ஒரு பழைய சிஎன்சி மில்லிங் மெஷின் கண்ட்ரோலர் செத்துப்போய்த் துணி போர்த்திக் கிடந்தது. இரும்பு நல்ல இரும்பு, மேசையை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவிலும் ஆட்டம் இல்லை. "புதுசுக்குப் போக காசு இல்ல தம்பி, நீ ஐஎல்பியில கரண்டு படிச்சவன்தானே, பாரு" என்றார் முதலாளி. ஐஎல்பி என்பது அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம். நான் அதுவரை மோட்டாருக்கு கான்டாக்டர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டியிருக்கிறேன். மோட்டாரைச் சொன்ன இடத்துக்குத் துல்லியமாக நகர்த்தும் சர்வோ டிரைவைக் கையால் தொட்டதில்லை.

வாங்கியவை: டெல்டா அஸ்டா பி2 டிரைவ் மூன்று, 750 வாட் மோட்டார் மூன்று (மேலும் கீழும் போகும் இசட் அச்சுக்கு மட்டும் பிரேக் உள்ளது), கணினிக்கும் டிரைவுக்கும் நடுவே நிற்கும் மேசா 7ஐ76ஈ கார்டு ஒன்று. பழைய கணினியில் மெஷினை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி ஏற்றினேன். அது இலவசம் என்பதே முதலாளிக்கு முக்கியமான தகுதி. கெடாவில் வெள்ளியும் சனியும் ஓய்வுநாள் என்பதால், பட்டறை மூடியிருக்கும் வெள்ளிக்கிழமைகளில்தான் இந்த வேலை நடந்தது.

முதல் வெள்ளி எச்சரிக்கை எண்களோடு போனது. மோட்டாரை மெஷினில் ஏற்றாமல் வேலைப் பலகைமேல் தனியாக வைத்து டிரைவுக்கு மின்சாரம் கொடுத்தால் உடனே 13. அதாவது அவசர நிறுத்தம். அதைச் சமாளித்தால் 14, 15, இரண்டு பக்க லிமிட், அதாவது அச்சு எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் சுவிட்சுகள். டிரைவ் கெட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். காரணம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஆறு, ஏழு, எட்டாம் உள்ளீடுகள் லிமிட்டுக்கும் அவசர நிறுத்தத்துக்கும் என்று டிரைவைச் செய்யும் இடத்திலேயே ஒதுக்கி, மூடிய தொடர்பாக வைத்து அனுப்புகிறார்கள். வயரே கட்டாத டிரைவுக்கு, யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்பது போலத்தான் தெரியும். சோதனைக்காக மட்டும் டிரைவின் அமைப்பு எண்களான பி2-15, பி2-16, பி2-17 மூன்றையும் 122, 123, 121 என்று, அதாவது திறந்த தொடர்பாக, மாற்றினேன். மோட்டார் ஜாகில் (டிரைவின் பொத்தானை அழுத்தி ஓட்டும் சோதனையில்) சுற்றியது. மெஷினில் ஏற்றியதும் பழையபடி 22, 23, 21-க்கே திருப்பிவிட்டேன். எங்கள் பட்டறையில் எலி அதிகம். வயரை அது கடித்தால் மெஷின் நிற்க வேண்டும், ஓடக் கூடாது.

பிறகு எலக்ட்ரானிக் கியர், அதாவது எத்தனை பல்ஸுக்கு மோட்டார் எவ்வளவு சுற்ற வேண்டும் என்ற விகிதம். பல்ஸ் என்பது கணினிப் பக்கமிருந்து டிரைவுக்குப் போகும் மின் துடிப்பு. பால் ஸ்க்ரூவின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு மேசை போகும் தூரம், 5 மில்லிமீட்டர். ஒரு பல்ஸுக்கு ஒரு மைக்ரான் இருந்தால் எனக்குப் போதும், ஆகவே லினக்ஸ்சிஎன்சியில் ஸ்கேலை (ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்பதை) 1000 என்று போட்டேன். 10 மில்லிமீட்டர் போகச் சொன்னால் மேசை அரை மில்லிமீட்டர் போய் நின்றது. இந்த மோட்டாரின் சுழற்சியை அளக்கும் என்கோடர் ஒரு சுற்றுக்கு 160000 எண்ணும். டிரைவைச் செய்தவர்கள் வைத்த விகிதம் 16-க்கு 10, அதன்படி ஒரு சுற்றுக்கு 100000 பல்ஸ் தேவை. நான் அனுப்பியதோ 5000. அந்த விகிதத்தின் இரண்டு எண்களான பி1-44-ஐ 32 என்றும் பி1-45-ஐ 1 என்றும் மாற்றியதும் 10 என்றால் 10 போனது.

துல்லியம் கூடட்டும் என்று அந்த 100000-ஐயே வைத்துக்கொண்டு ஸ்கேலை ஏற்றியிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் டிரைவின் சாதாரண பல்ஸ் உள்ளீடு நொடிக்கு 500000 வரைதான் வாங்கும். அந்தக் கணக்கில் மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் போகாது, மேசை நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும். இன்னொன்று: லினக்ஸ்சிஎன்சியில் வேகத்தை நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். நிமிடக் கணக்கை அங்கே எழுதிவிட்டு நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப்போவதில்லை.

இசட் அச்சுக்கு ஒரு வரி. சர்வோவை அணைக்கும்போதெல்லாம் தலை கொஞ்சம் இறங்கியது. பிரேக்கை நான் அவசர நிறுத்த ரிலேவோடு கட்டியிருந்தேன். டிரைவின் பிரேக் வெளியீட்டுக்கு, நடுவில் ஒரு ரிலே வைத்து, மாற்றினேன். பி1-42, பி1-43 இரண்டும் அதற்கான தாமத நேரங்கள். மோட்டார் கைவிடுவதற்கு முன் பிரேக் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெஷின் ஓடியது. முதலாளி படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். அடுத்த வாரமே ஒரு ஆலைக்கான ஃபிளாஞ்சுகளில் காடி தள்ளிப்போயிருந்தது. முதல் துண்டு சரி. பத்தாவது துண்டில் 0.2 மில்லிமீட்டர். திரையில் எக்ஸ் அச்சு பூஜ்யத்துக்குத் திரும்பியதாகத்தான் காட்டியது.

முதலில், வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் இன்வெர்ட்டர் (அதன் வேகத்தை மாற்றும் கருவி) கிளப்பும் மின் இரைச்சல் என்று முடிவு கட்டினேன். பல்ஸ் வயர்களைத் தனிக் குழாயில் ஓட்டினேன், ஷீல்டை எர்த்தில் கட்டினேன். ஒரு வெள்ளி போயிற்று. அடுத்து, மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங் நழுவுகிறது என்று இறுக்கினேன். அப்புறம் டிரைவுகளின் கெய்னை (பிழையை எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்ற அளவை) ஏற்றிப் பார்த்தேன். மேசை சீறியது, காடி அப்படியேதான் தள்ளிப்போனது.

ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் சாயங்காலங்களில் எங்கள் பட்டறைக்கு வந்து உட்காருவார். "டேய், ஸ்க்ரீன மூடு. கேஜ் போடு" என்றார். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை மேசையில் வைத்து, 10 மில்லிமீட்டர் நூறு தடவை போய்வர ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். மேசை தள்ளி நின்றது 0.20 மில்லிமீட்டர். ஐம்பது தடவை ஓட்டினால் 0.10. 200 மில்லிமீட்டர் தூரம் ஓட்டினாலும் நூறு தடவைக்கு அதே 0.20. மெதுவாக ஓட்டினாலும் அதேதான். ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு ஓட்டினாலும் அதேதான்.

இரைச்சல் இப்படிக் கணக்குப் பார்த்து வராது. கப்ளிங் நழுவினாலும் இவ்வளவு நேர்மையாக நழுவாது. பி0-02-ஐ மாற்றி, தனக்கு வந்த பல்ஸ் எத்தனை என்று டிரைவின் சின்னத் திரையிலேயே காட்டச் செய்தேன். நூறு தடவைக்குப் பின் அதுவும் 200 தள்ளி நின்றது. அப்படியென்றால் மோட்டார் குற்றமற்றது. சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறது, சொன்னதுதான் வழியில் மாறியிருக்கிறது. லினக்ஸ்சிஎன்சிக்கும் இது தெரிய வழியில்லை. பல்ஸ் முறையில் அது தான் அனுப்பியதை மட்டுமே எண்ணுகிறது, மோட்டார் எங்கே நிற்கிறது என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை.

ஒரு தடவை போய்வந்தால் இரண்டு பல்ஸ் தவறுகிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை டிரைவுக்குச் சொல்வது தனியான திசை வயர். திசை திரும்பும் நொடியில் கடைசி பல்ஸ் தவறான திசையில் எண்ணப்பட்டால் வித்தியாசம் சரியாக இரண்டு வரும்: ஒன்று கூடாமல் போனது, ஒன்று கழிந்தது. ஆனால் திரும்பி வரும்போதும் அதே தவறு எதிர்ப்பக்கம் நடந்து சமன் ஆகியிருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் திரிந்தேன். டிரைவின் உள்ளீட்டில் இருப்பது ஆப்டோ, சிக்னலை ஒளியாக மாற்றிக் கடத்தும் துண்டு. அது எரிவதற்கு எடுக்கும் நேரமும் அணைவதற்கு எடுக்கும் நேரமும் ஒன்றல்ல. அதனால் ஒரு பக்கத் திருப்பத்தில் திசை வயர் முந்திக்கொள்கிறது, மறுபக்கத்தில் முந்துவதில்லை.

வேறு யாரோ வைத்திருந்த அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அதில் டிர்செட்டப், டிர்ஹோல்டு இரண்டும் (திசை மாறுவதற்கும் பல்ஸுக்கும் நடுவே முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி) 200 நானோநொடி. போதாததற்கு எக்ஸ் அச்சின் பல்ஸ் வயர் இரண்டும் இடம் மாறியிருந்தன, ஆகவே டிரைவ் ஒவ்வொரு பல்ஸையும் அது தொடங்கும்போது எண்ணாமல் முடியும்போது, அதன் வால் விளிம்பில், எண்ணிக்கொண்டிருந்தது. வயரை அவிழ்ப்பதற்கு முன் மின்சாரத்தை அணைத்துவிட்டு சார்ஜ் விளக்கு அணையும்வரை காத்திருந்தேன். வயரை மாற்றிக் கட்டினேன். இரண்டு எண்ணையும் 10000 ஆக்கினேன். திசை திரும்பும்போது மட்டும் செலவாகும் நேரம் என்பதால் வேகம் குறையவில்லை.

நூறு தடவை. டிரைவில் 0. கேஜ் முள்ளும் கிளம்பிய கோட்டிலேயே. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னொரு ஐந்நூறு ஓடட்டும், நான் தே தாரேக் குடிச்சிட்டு வரேன்" என்று தேநீர் குடிக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோதும் அதே 0.

ஒய் மோட்டார் மட்டும் நிற்கும்போது இன்னும் மெல்லிய விசில் அடிக்கிறது. கெய்னை நான் ஏற்றிவைத்த மிச்சம். அதை அடுத்த வெள்ளிக்கிழமை இறக்க வேண்டும்.