சந்தாதாரர் வேண்டாம் என்றார்

அந்த வீட்டு கேபிள் டிவி இணைப்பில் ஒரு சேனலை நானாகவே சேர்த்துவிட்டிருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறேன். வரியோடு சேர்த்தாலும் மாதம் சில ரூபாய்தான் ஆகியிருக்கும். சேர்க்கவில்லை. சேர்க்காததுதான் சரி என்பதற்குக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் மனம் ஒப்பமாட்டேன் என்கிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது கேபிள்காரர்கள் நாங்கள் சேனல் தேர்வுப் படிவத்தோடு வீடு வீடாகப் போனோம். அடிப்படைக் கட்டணம் அப்போது 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. அதில் தூர்தர்ஷன் சேனல்கள் உட்பட 100 சேனல்கள் வரும். கட்டணச் சேனல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, இல்லாவிட்டால் தொகுப்பு விலை. அந்த வீட்டு அம்மா ஒரே நிபந்தனைதான் வைத்தார். “பழைய பணத்துக்கு மேல போகக் கூடாது தம்பி.” சீரியலுக்கு இரண்டு, பேரனுக்குக் கார்ட்டூன், பக்தி ஒன்று என்று குறித்துக்கொண்டே வந்தோம். பிறமொழிப் பக்கம் வந்ததும், “தெலுங்கெல்லாம் இப்ப எதுக்கு? யார் பாக்குறா?” என்றார். அதை விட்டுவிட்டேன். கட்டிலில் படுத்திருந்த பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார். “நம்பரெல்லாம் மாறாதே?” மாறாதுங்கய்யா என்றேன். எண்கள் மாறவும் இல்லை.

சில வாரங்கள் கழித்து அதே வீட்டிலிருந்து ரிமோட் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தால் ரிமோட் நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அந்தச் சேனலுக்குச் சந்தா இல்லை என்ற அறிவிப்பு திரையில் நின்றது. பழைய தெலுங்குப் படங்கள் போடும் கட்டணச் சேனல் அது. ரயில்வே வேலையில் செகந்திராபாத்தில் பல வருடம் இருந்தவராம். “சேத்துடலாமாய்யா?” என்று கேட்டேன். “வேண்டாம்ப்பா. காசு குடுத்துப் பாக்குற அளவுக்கு ஒண்ணுமில்ல. வந்தா பாப்பேன், அவ்ளோதான்” என்றார்.

நானாகச் சேர்த்திருந்தால் அது எனக்கே உறுத்தியிருக்கும். கேட்காமல் சேர்ப்பதுதானே இந்தத் தொழிலின் பழைய நோய். முன்பெல்லாம் எந்தச் சேனலுக்கு எவ்வளவு போகிறது என்று பணம் கட்டுகிறவருக்குத் தெரியாது, வசூலுக்குப் போகும் எனக்கும் தெரியாது. மேலே இருப்பவர்கள் கட்டிக்கொடுத்த பொதியை அப்படியே கீழே இறக்குவோம். அதை உடைக்கத்தான் 2017 மார்ச்சில் டிராயின் அந்தக் கட்டண ஆணை வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 30 அன்று ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் முழுதாக நடைமுறைக்கு வர முடிந்தது. நான் அதை நம்பினேன். வாடிக்கையாளர் கேட்காத எதையும் போடக் கூடாது என்று அலுவலகத்தில் சண்டை போட்டவன் நான். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது அதே வேலைதான்.

அப்படியானால் ஏன் உறுத்துகிறது? தனக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவரைத்தான் அந்த விதி பார்வையாளராக நினைக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர் அப்படிப் பார்ப்பதில்லை. எண்களை ஏற்றிக்கொண்டே போவார், எங்கோ ஒரு பழைய முகம் வந்தால் நிற்பார். படிவத்தை அவர் கையிலேயே கொடுத்திருந்தாலும் அந்தச் சேனலின் பெயரை எழுதியிருப்பாரா? பெயரே தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். படிவம் தராத வீடுகளுக்கு, மொழியையும் பார்க்கும் பழக்கத்தையும் கணக்கில் கொண்டு பொருத்தமான திட்டத்தை நீங்களே போடுங்கள் என்று 2019 பிப்ரவரி 12 அன்று ஆணையம் சொன்னது. கேபிள் பெட்டியிலிருந்து எங்களுக்கு எந்தத் தகவலும் திரும்பி வராது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் மீட்டர் பொருத்திய சில பத்தாயிரம் மாதிரி வீடுகளை வைத்துப் போடும் கணக்கு. அந்த வீட்டில் படிவம் வாங்காமலே விட்டிருந்தால்கூட, தமிழ் வீடு, தமிழ்த் தொகுப்பு என்றுதான் முடிந்திருக்கும்.

இதை மறுத்தும் எனக்குள் பேசிக்கொள்கிறேன். அந்தப் படங்கள் முன்பு இலவசமாக வந்துகொண்டிருந்தன என்பது பொய். இரண்டே சேனல் பார்த்த வீடுகள் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் அதற்கும் பணம் கட்டின. 153 ரூபாயோடு நிறுத்திக்கொண்ட வீடுகளில் இருந்த நிம்மதியையும் பார்த்தேன். அதை எப்படி இல்லை என்று சொல்வது?

2020 ஜனவரியில் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று திருத்தினார்கள். தொகுப்பில் சேரும் சேனலுக்கு இருந்த 19 ரூபாய் விலை வரம்பை 12 ஆக்கினார்கள். 2022 நவம்பரில் அது மறுபடி 19 ஆனது. ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் அந்தப் பெரியவருக்கு ஏதாவது உண்டா என்று பார்ப்பேன். விலைதான் பேசப்பட்டிருக்கும்.

இத்தனைக்கும் இணைப்பு அவர் பெயரில்தான் இருந்தது. விதிப்படி நான் கேட்க வேண்டியவர் அவர்தான். கேட்டேன், வேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்தார். அதற்கு மேல் வற்புறுத்துவது என் வேலையா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.