நாக்கின் நரம்புகள்: உடற்கூறியல் துணைத் தேர்வு தந்த பாடம்

முதலாண்டு உடற்கூறியல் துணைத் தேர்வின் முடிவு நேற்று வந்தது, தேறிவிட்டேன். முதல் முறை எழுத்துத் தேர்வில் போதிய மதிப்பெண் எடுத்தும் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் தோற்றதற்கு நாக்கு என்ற ஒரே பாடம்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். ஆகவே மற்றவற்றை விட்டுவிட்டு அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

அன்று தட்டில் இருந்தது ஃபார்மலினில் ஊறிச் சாம்பல் நிறமாகிவிட்ட ஒரு நாக்கு. ‘வி’ வடிவப் பள்ளமான சல்கஸ் டெர்மினாலிஸுக்குச் சற்று முன்னால், சுற்றிலும் அகழி வெட்டியது போல் நின்ற ஓர் உருண்டை மேட்டின் மீது தேர்வாளர் ஊசி முனையை வைத்து, இதன் சுவையை எந்த நரம்பு எடுத்துச் செல்கிறது என்று கேட்டார். பள்ளத்துக்கு முன்னால் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஏழாவது மூளை நரம்பின் கிளையான கார்டா டிம்பனி என்றேன். “நிச்சயமாகத்தானா?” என்றார். “நிச்சயம், சார்” என்றேன். அது சர்கம்வாலேட் பாப்பில்லா, அதாவது சுவை மொட்டுகள் உள்ள அகழி சூழ்ந்த மேடு. முன்பகுதியில் இருந்தாலும் அதன் நரம்பு மூளை நரம்புகளில் ஒன்பதாவதான குளோசோஃபாரிஞ்சியல். அதன் பிறகு பதற்றத்தில் பாலட்டோகுளாசஸ் தசைக்கும் நாக்கின் மற்றத் தசைகளுக்குரிய பன்னிரண்டாவது நரம்பையே சொல்லிவிட்டேன், அதற்குரியது பத்தாவதான வேகஸ்.

எந்தப் பகுதிக்கு எந்த நரம்பு என்ற அட்டவணை எனக்கு மனப்பாடமாகத்தான் இருந்தது. ஏன் அப்படி என்பதுதான் தெரியாது. துணைத் தேர்வுக்குப் படிக்கும்போது கருவியலிலிருந்து தொடங்கினேன், அட்டவணையே தேவையில்லாமல் போயிற்று. முன் மூன்றில் இரண்டு பங்கின் மேல்தோல், கருவின் தொண்டைப் பகுதியில் தோன்றும் ஆர்ச்சுகள் எனும் வளைவுகளில் முதலாவதிலிருந்து உருவாவதால் தொடு உணர்வு ஐந்தாவது நரம்பின் கிளையான லிங்குவல் நரம்புக்குச் சேர்கிறது. இரண்டாம் ஆர்ச்சின் ஏழாவது நரம்பு கார்டா டிம்பனியாக வந்து, லிங்குவல் நரம்புடன் இணைந்து, அங்கே சுவையை ஏற்கிறது. பின் மூன்றில் ஒரு பங்கு மூன்றாம் ஆர்ச்சுக்குரியது. எனவே தொடு உணர்வு, சுவை இரண்டுமே ஒன்பதாவது நரம்பின் வழியே செல்கின்றன. அந்த மூன்றாம் ஆர்ச்சின் தோல் வளர்ச்சியின்போது பள்ளத்தைத் தாண்டிச் சற்று முன்னே நகர்ந்துவிடுவதால்தான் சர்கம்வாலேட் பாப்பில்லாக்கள் தம் நரம்பையும் உடன் கொண்டு வந்திருக்கின்றன. தசைகளின் கதை வேறு: அவை கருவின் பின்தலைப் பகுதித் திசுத் துண்டங்களான ஆக்ஸிபிட்டல் சோமைட்டுகளிலிருந்து பன்னிரண்டாவது நரம்பான ஹைப்போகுளோசலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவை, பாலட்டோகுளாசஸ் மட்டும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி முடிவு வந்தபோதுகூட உண்டாகவில்லை.

தினமும் காலையில் வெற்றுத் தாளில் நாக்கை வரைந்து, ஆர்ச்சுக்கு ஒரு வண்ணம் தீட்டி, பிறகே நரம்புகளை எழுதினேன். நண்பர்களுடன் கூடிப் படித்தால் என் மனத்தில் எதுவும் நிற்காது. தனியே வரைந்தால்தான் நிற்கும். உங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வரையாமல் மட்டும் வைவாவுக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் முறை வைவாவில், வலது ஹைப்போகுளோசல் செயலிழந்தவர் நாக்கை நீட்டினால் எப்பக்கம் கோணும் என்று கேட்டார்கள். வலப்பக்கம் என்றேன். இடது ஜீனியோகுளாசஸ் தசை நாக்கை முன்னோக்கியும் எதிர்ப்பக்கமாகவும் தள்ளுகிறது, அதை ஈடுகட்ட வலப்பக்கத்தில் ஆளில்லை என்று காரணத்தையும் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

முந்தைய இரவு பார்த்துவிட வேண்டியவை:

- சர்கம்வாலேட் எண்ணிக்கை 8 முதல் 12. நூல் போன்ற ஃபிலிஃபார்ம் பாப்பில்லா எண்ணிக்கையில் மிகுதி, ஆனால் அதில் சுவை மொட்டு கிடையாது.
- ஃபொரமன் சீக்கம் (‘வி’ பள்ளத்தின் முனையிலுள்ள சிறு குழி): கருவில் தைராய்டு சுரப்பி இறங்கத் தொடங்கிய இடம்.
- நுனியின் நிணநீர் முதலில் முகவாய்க்கு அடியிலுள்ள சப்மெண்டல் கணுக்களுக்குச் செல்கிறது.
- நுனியில் இனிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் பழைய சுவை வரைபடம் தவறு. எல்லாச் சுவைகளும் சுவை மொட்டுள்ள எல்லாப் பகுதிகளிலும் உணரப்படுகின்றன. அதை விடைத்தாளில் வரையாதீர்கள்.

நாக்கின் பக்கத் தசையான ஹையோகுளாசஸைப் படத்தில் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில் அந்தத் தசையின் ஓரத்தை ஃபோர்செப்ஸால் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்: லிங்குவல் நரம்பும் ஹைப்போகுளோசலும் அதன் மேற்புறத்தில் கிடக்க, லிங்குவல் தமனி மட்டும் அடியில் புகுந்து செல்வது தெரியும்.