சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு (டர்பன், தென்னாப்பிரிக்கா)

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

முதியோர் இல்லத்திலிருந்து ஃபோன். ஒரு கட்டில் காலியாம். எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை, மேட்ரனும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

12 ஆகஸ்ட்

அத்தையிடம், அதாவது இவர் அம்மாவிடம், யார் சொல்வது என்பதிலேயே இன்றைய நாள் போனது. இவர், "நீ சொன்னாத்தான் கேப்பாங்க" என்கிறார். மதினி ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து, "தம்பி சொல்றதுதான் முறை" என்கிறார். முறை பேசுவதற்கு அறுநூறு கிலோமீட்டர் நல்ல தூரம்.

14 ஆகஸ்ட்

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "அங்க மீன் உண்டா?" என்றார். உண்டு அத்தை, முள் எடுத்துத்தான் கொடுப்பார்கள் என்றேன். "அப்ப அது மீனா?" என்றவர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் இவர் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது அத்தை கேட்டார்: "லாரி எப்ப வருது?"

இந்த வீட்டில் லாரி என்றால் ஒரே லாரிதான். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்த குடும்பங்களை அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து இறக்கிய லாரி. இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டக் காலம், போகிறாயா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அம்மிக்கல்லை ஏற்ற விடாமல் விரட்டினார்கள் என்று இன்றைக்கும் சொல்வார். மற்ற எதையும் விட அந்த அம்மிதான்.

15 ஆகஸ்ட், வெள்ளி

'சரி' என்று ஃபோன் செய்தாயிற்று. செய்தது நான்.

18 ஆகஸ்ட்

படிவங்கள். பச்சை ஐடி புத்தகத்தின் நகல், மூன்று மாத வங்கிக் கணக்கு, கிளினிக் அட்டை, டிபி இல்லை என்று காட்ட மார்பு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே சமூகப் பணியாளர் உட்கார்ந்து நிரப்பும் டிக்யூ 98 என்ற மதிப்பீட்டுப் படிவம். தானே குளிப்பாரா, தானே சாப்பிடுவாரா, சிறுநீரை அடக்க முடியுமா, ராத்திரியில் எழுந்து நடப்பாரா. நல்ல பெண்தான், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். அத்தை என்னிடம் தமிழில், "சந்தையில மாடு வாங்குற மாதிரி கேக்குறா" என்றார். அவள் என்ன சொல்கிறார் என்றாள். சந்தோஷமாக இருக்கிறார் என்றேன்.

இல்லத்தின் படிவத்தில் "பல்செட் உண்டா?" என்ற கேள்விக்கு அடுத்த வரி: இறுதிச் சடங்கு எந்த நிறுவனம், பாலிசி எண் என்ன, எரிப்பதா புதைப்பதா. நான் அந்த வரியைத் தாண்டிவிடப் பார்த்தேன். அத்தை விடவில்லை. பாலிசி எண்ணைக் கடகடவென்று ஒப்பித்தார். பேரன் பேரையே சில நாள் தேடுகிறவர்! "கிளேர் எஸ்டேட்லதான் எரிக்கணும், உன் மாமாவ எரிச்ச எடத்துல. எழுதிட்டியா? காட்டு."

19 ஆகஸ்ட்

சம்மதப் பக்கம்தான் மண்டையைக் குடைகிறது. 2006-ஆம் வருஷத்து முதியோர் சட்டப்படி, முதியவரின் சம்மதம் இல்லாமல் எந்த இல்லத்திலும் சேர்க்கக் கூடாது. சம்மதம் தரும் மனநிலை இல்லை என்றால் சட்டமோ கோர்ட்டோ அதிகாரம் கொடுத்த ஆள் தரலாம். அப்படி ஒருவர் இல்லாதபோது கணவன் அல்லது மனைவி, அவரும் இல்லாவிட்டால் வயது வந்த பிள்ளை, அப்புறம் கூடப் பிறந்தவர். இந்த வரிசையில் மருமகள் எங்கேயும் கிடையாது.

"நீங்கள் சாட்சியாகக் கையெழுத்துப் போடலாம்" என்றாள் அந்தப் பெண். ராத்திரி இரண்டு மணிக்கு விரிப்பு மாற்றியவள் வெறும் சாட்சி. கோபம் சட்டத்தின் மேல் இல்லை, அது சரியாகத்தான் எழுதியிருக்கிறது. என் கையெழுத்தே போதும் என்று இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். என் கோபமெல்லாம் ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை மேல்.

21 ஆகஸ்ட்

டாக்டர். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், 100-லிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். 93, 86 வரை வந்து, "போதும், எனக்கு என்ன கடையா வச்சுக் குடுக்கப் போறே?" என்றார். நாட்டின் ஜனாதிபதி யார்? "மண்டேலா." அது 1999-லேயே முடிந்துவிட்டதே பாட்டி என்று டாக்டர் சிரித்தார். "அதுக்கப்புறம் வந்தவனுங்க பேரெல்லாம் எதுக்கு?" டாக்டரும் எதையோ எழுதிக்கொண்டார்.

ஞாபகம் குறைகிறது, ஆனால் சொன்னால் புரிகிறது, முடிவும் எடுக்க முடிகிறது என்று முடிவாயிற்று. ஆக, அவரே கையெழுத்துப் போட வேண்டும். இவர் கார் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. காரில், "அம்மா மாட்டேன்னுட்டா?" என்றார்.

22 ஆகஸ்ட்

பேனாவை எடுத்தால் டீ கேட்கிறார்.

25 ஆகஸ்ட்

துணி. ஏழு செட், எல்லாம் மெஷின் சலவைக்குத் தாங்க வேண்டும், எல்லாவற்றிலும் பெயர். பட்டு, கம்பளி சலவைக்கு ஏற்க மாட்டார்கள், தொலைந்தால் பொறுப்பும் இல்லை. புடவை "தவிர்க்கவும்" என்று போட்டிருக்கிறது. கட்டிவிட ஆள் இல்லை, கால் தடுக்கும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, கார்டிகன், பின்பக்கம் வார் உள்ள செருப்பு. மார்க்கர் பேனாவில் எழுதினால் நாலு வெளுப்பில் போய்விடுகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் நாடாவில் எழுதித் தைத்துக்கொண்டிருக்கிறேன். காலர் உள்பக்கம், பாவாடை இடுப்புப் பட்டி, உள்ளாடையிலும்.

அத்தை இரண்டு புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்று சுங்குடி, நான் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதிலும் பெயர் தை என்கிறார். சட்டத்தில் சொந்தப் பொருட்களை வைத்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் உரிமை உண்டு என்று இருக்கிறது, பார்த்துவிட்டேன். தைத்தேன்.

27 ஆகஸ்ட், பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டை பிசுபிசுத்துவிட்டது. இங்கே கிடைக்கிற அரிசி மாவு என்றைக்கும் என் கைக்கு வந்ததில்லை.

விளக்கு பற்றி மேட்ரனிடம் கேட்டேன். அறையில் தீ கூடாது: திரி, கற்பூரம், ஊதுபத்தி எதுவும். அடுத்த கட்டிலில் ஆக்சிஜன் ஓடுகிறது என்றார். அதற்கு மேல் என்ன வாதாடுவது? கீழ்த்தளத்தில் பூஜை அறை இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு ஊழியர் ஒருவர் ஏற்றுவார், சக்கர நாற்காலியில் கூட்டிப்போவார்கள், "ஆள் இருந்தால்". எனக்கு அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் பிடிக்கவில்லை. பேட்டரி விளக்கு அறையிலேயே வைத்துக்கொள்ளலாமாம். சீனாக்காரன் கடையில் ஒன்று பார்த்தேன், தானே ஆடி ஆடி எரிகிறது. அத்தையிடம் காட்டத் துணிவில்லை.

31 ஆகஸ்ட்

மதினி ஃபோன். அம்மா பேரில் உள்ள வீட்டுக்கும் கணக்குக்கும் உடனே பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கு, எழுதினால் கவலை இல்லை என்கிறார். நான் வக்கீலிடம் கேட்டு வைத்திருந்ததைச் சொன்னேன். இந்த நாட்டுச் சட்டத்தில், எழுதிக்கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் நிலையை இழந்த அன்றே அந்தப் பத்திரம் செத்துப்போகும். எதற்காக எழுதுகிறோமோ அந்த நாள் வரும்போதுதான் அது செல்லாது. அதற்குப் பிறகு சொத்தைப் பார்த்துக்கொள்ள உயர் நீதிமன்றம் போய் க்யூரேட்டர், அல்லது 2002-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் நியமிக்கக் கேட்க வேண்டும். மதினி நம்பவில்லை. "எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?" செய்கிறார்கள். பேங்குக்குத் தெரியாதவரை ஓடும்.

2 செப்டம்பர்

அரசின் முதியோர் உதவித்தொகை வந்துவிட்டது. 75 தாண்டியவர்களுக்கு 20 ராண்ட் கூடுதல், ஆக 2,330. இல்லத்தில் மாதம் 9,800. டயப்பர், மருந்து, முடிவெட்டு, டாக்டர் எல்லாம் தனி. அரசு மானியம் பெறும் கட்டில் வேறு, அதற்கு வேறு வரிசை, அது நகர்வதாகவே தெரியவில்லை. இவரும் மதினியும் பாதிப்பாதி என்று பேச்சு. பேச்சுதான்.

உதவித்தொகை எடுக்கும் கறுப்பு அட்டை அத்தையின் ரவிக்கைக்குள் இருக்கிறது. பழைய தங்க நிற அட்டையை மாற்ற சூப்பர்மார்க்கெட் வரிசையில் நின்ற கஷ்டத்துக்குப் பிறகு அதை யாரிடமும் கொடுப்பதில்லை. அவருக்குப் பதிலாகப் பணம் வாங்க ஓர் ஆளை முறைப்படி நியமிக்கலாம். இன்று சொல்லவில்லை.

4 செப்டம்பர்

போட்டுவிட்டார்.

ஒப்பந்தத்தை முழுக்கத் தமிழில் படிக்கச் சொன்னார். படித்தேன், ஒரு வரி விடாமல். நகை, பணம் தொலைந்தால் பொறுப்பில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் கட்டிலுக்குக் கட்டணம் உண்டு. நாம் விலகுவதென்றால் ஒரு முழு மாத நோட்டீஸ். குடியிருப்பவரை வேறு இடத்துக்கு மாற்றவோ அனுப்பவோ வேண்டுமானால் இல்லம் 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். அங்கே நிறுத்தச் சொன்னார். "மறுபடி படி." படித்தேன். "சட்டமா, இவுங்க சொல்றதா?" சட்டம் என்றேன். "இப்பத்தான் வந்துச்சா அந்தச் சட்டம்?"

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தமிழிலேயே கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் பேனாவைத் தூக்கி, காகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அழுத்தி. 'ள்' போடும்போது பின்பக்கம் வரை பதிந்துவிட்டது. கீழே நான், சாட்சி.

இவர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

7 செப்டம்பர், ஞாயிறு

பௌர்ணமியோடு முழுச் சந்திர கிரகணம். ஏழரை மணிக்கு நிலா செம்பு நிறமாகிவிட்டது. அத்தை ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிட்டு, முடிந்ததும் குளிப்பேன் என்று அடம். பத்து மணிக்கு மேல் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன். நாளையிலிருந்து மாளயபட்சம், புது வீடு போகக் கூடாதே என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். அத்தை துண்டால் தலையைத் துவட்டியபடி, "அது நம்ம வீடா?" என்றார்.

8 செப்டம்பர்

ராகு காலம் கழித்து ஒன்பதரைக்குக் கிளம்பினோம். அனுமதி நேரமே ஒன்பதிலிருந்து பதினொன்றுதான்.

பட்டியல் போட்டு வாங்கிக்கொண்டார்கள். "மஞ்சள் நிற உலோக மூக்குத்தி, 1." தங்கம் என்று எழுத மாட்டார்களாம், எழுதினால் தங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கழற்றிக் கொடுத்துவிடுங்கள் என்றார் சிஸ்டர். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டார். மூக்குத்தி இருக்கிறது.

10 செப்டம்பர்

தூக்கம் வருகிறது. இவ்வளவு தூக்கம் எங்கே இருந்தது?

13 செப்டம்பர்

"பழகும் வரை அடிக்கடி வராதீர்கள்" என்றார் வரவேற்பில் இருந்தவர். பார்க்க வருகிறவர்களைச் சந்திக்க முதியவருக்கு உரிமை உண்டு என்று நான் சட்டம் பேசினேன். நேற்று வரை பழகட்டும் என்று நானேதான் போகாமல் இருந்தேன். அவர் சொன்னதும் எங்கிருந்தோ ஒரு ரோஷம்.

கட்டிலில் அவர் இல்லை. பராமரிக்கிற பெண் "கோகோ டிவி ரூமில்" என்றாள். சூலுவில் கோகோ என்றால் பாட்டி. டிவி ஓடுகிறது, யாரும் பார்க்கவில்லை, அத்தை ஜன்னல் பக்கத்துக் கட்டில்காரருக்கு அம்மி கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட்டி குஜராத்தி. தலையை ஆட்டுகிறார். அடுத்தவர் நைட்டி அத்தை உடம்பில். இத்தனை நாடா தைத்து என்ன பிரயோஜனம்?

20 செப்டம்பர், புரட்டாசி முதல் சனி

இந்த மாதம் முழுக்கச் சைவம் வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருந்தேன். சமையலறைக்கு அது புதிதில்லை, பாதிப் பேருக்கு அதே சீட்டு. வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம், பார்வை நேரத்திலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும், அலமாரியில் வைக்கக் கூடாது. பூசணிக்காய், கீரை, பருப்பு. நன்றாகச் சாப்பிட்டார். ஊறுகாய் கேட்டார். பிரஷர் என்றேன். "கொண்டு வந்திருக்கியா இல்லியா?" கொண்டுதான் போயிருந்தேன்.

24 செப்டம்பர், பாரம்பரிய தின விடுமுறை

தெரு முழுக்கக் கரி அடுப்பில் இறைச்சி சுடும் புகை. பக்கத்து வீட்டு அக்கா புரட்டாசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு துணி எடுக்கிறார்.

இவர் தனியாகப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்றேன். "மேட்ச் பார்த்தோம்."

26 செப்டம்பர்

நாளை மதியம் வராதே, கமிட்டி இருக்கிறது என்று ஃபோனில் சொல்கிறார். குடியிருப்பவர்கள் கமிட்டி. அத்தை அதில் எப்படி? ஆறு மணி விளக்குக்கு ஆள் வராததைப் பற்றிப் பேசப்போகிறாராம். யாரோ காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கீழே அத்தை கையெழுத்து. "தமிழ்லதான் போட்டேன்."

மதினி வருகிறார், ஞாயிற்றுக்கிழமை. பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம் அடித்தே கொண்டு வருகிறாராம். சாட்சி இடம் காலியாக இருக்கிறதாம்.